மாலையில் அமைதி தரும் வீடு: தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மேற்கே மலை நிற்பதால் நமக்குப் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது. புளியரை, செங்கோட்டை, பண்பொழி, இலஞ்சி என்று அடிவாரத்து ஊர்களில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்த பிறகும் வானத்தில் வெகுநேரம் வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து வருகிறவர்கள் வீடு சேர்வது அந்த நேரத்தில்தான். அப்போது வீடு அவர்களை இளைப்பாற விடுகிறதா, மேலும் களைக்க வைக்கிறதா? இதையொட்டி உறவினரும் அக்கம்பக்கத்தாரும் அடிக்கடி கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தென்மலை, குளத்துப்புழை, புனலூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

வீட்டை அமைதியான இடமாக மாற்ற முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

வாங்குவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். மாலையில் நம்மை வாட்டுபவை பெரும்பாலும் நான்குதான்: சுவரிலும் கூரையிலும் தேங்கிய சூடு, கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், ஓயாத சத்தம், முடியாமல் கிடக்கும் வேலை. இவற்றைக் குறைக்காமல் சாய்வு நாற்காலியும் அலங்கார விளக்கும் வாங்கிப் போட்டால் அவற்றின் மேல் துணி மடித்து வைப்பீர்கள், அவ்வளவுதான். எந்த வீட்டில் எது அதிகம் வாட்டுகிறது என்பது மாறும். ஒரு மாலை முழுக்க எதையும் மாற்றாமல் கவனித்துப் பாருங்கள். எந்த இடத்தில் உட்கார்ந்ததும் எழுந்துவிடத் தோன்றுகிறது, ஏன் என்று பார்த்தால் எங்கிருந்து தொடங்குவது என்பது தெரிந்துவிடும்.

எங்களுடையது கான்கிரீட் வீடு. வெயில் போன பிறகுதான் உள்ளே கொதிக்கிறது. மின்விசிறி சுழன்றும் பயனில்லையே, ஏன்?

பங்குனி, சித்திரையில் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும். அந்தச் சூடு தளத்தின் கனத்தைக் கடந்து உள்பக்கம் வந்து சேரப் பல மணி நேரமாகும். மதியம் ஒரு மணிக்கு மேலே அடித்த வெயில், நீங்கள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போதுதான் தலைக்கு மேலே அனலாக இறங்குகிறது. மேற்குச் சுவருக்கும் இதே கதி. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலரவைத்துத்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது. கூரைக்கடியில் நிற்கும் சூடான காற்றைக் கீழே தள்ளும்போது அது வெந்நீரை விசிறியடிப்பது போல இருக்கும்.

ஆகவே வேலை பகலிலேயே தொடங்க வேண்டும். கோடையில் காலை பத்து, பதினொரு மணிக்குள் வெயில் படும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்து விடுங்கள். "காற்று வரட்டும்" என்று பகலெல்லாம் திறந்து வைப்பவர்கள் அனல்காற்றைத்தான் உள்ளே அழைக்கிறார்கள். மாலையில் வெளியே நின்று பாருங்கள். உள்ளே இருப்பதைவிட வெளியே குளிர்ச்சியாகத் தெரிகிற நேரத்தில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிடுங்கள். பொழுது சாய்ந்த பின் மலைச்சரிவு குளிர்ந்து, அங்கிருந்து கனத்த குளிர்காற்று கீழே இறங்கும். அடிவாரத்தில் வாழும் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய கொடை இது.

திறந்தும் காற்று ஓடவில்லையென்றால், மேசை விசிறி ஒன்றை வீட்டின் சூடான பக்கத்து ஜன்னலில் வெளிநோக்கி வையுங்கள். காற்றை உங்கள் முகத்துக்குத் திருப்ப வேண்டாம், ஜன்னலுக்கு வெளியே தள்ளட்டும். உள்ளே இருக்கும் சூடு வெளியேற, எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாகக் குளிர்காற்று தானே உள்ளே வரும். முதல் அரைமணி நேரம் இப்படி ஓடவிட்டுப் பிறகு விசிறியை உள்பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

நிரந்தரத் தீர்வு மொட்டைமாடியில் இருக்கிறது. சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ கோடைக்கு முன் அடித்துவிட்டால் தளம் உறிஞ்சும் சூடு நன்றாகக் குறையும். முடைந்த தென்னங்கிடுகு கிடைத்தால் படுக்கையறைக்கு மேலே மட்டுமாவது தளத்திலிருந்து ஒரு முழம் உயர்த்திப் பந்தல் போடுங்கள். வெயில் தளத்தைத் தொடாமலிருப்பதைவிட நல்ல மருந்து கிடையாது. மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். சற்று நேரம் இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் விரிசல் இருக்கும் தளத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் கம்பி துருப்பிடிக்கும். கோடையில் அந்தத் தண்ணீருக்கு வேறு தேவை இருக்கிறது.

சாரல் மாதங்களில் நிலைமை தலைகீழ். எல்லாம் ஈரம், வீடெல்லாம் நாற்றம். அப்போது என்ன செய்வது?

குற்றாலத்துச் சாரலை அனுபவிக்க ஊரெல்லாம் இங்கே வருகிறது. நமக்கோ ஆனி, ஆடி, ஆவணியில் துணி காய்வதில்லை, கதவு உப்பிச் சாத்த வருவதில்லை, பீரோவைத் திறந்தால் பூசண வாடை. தென்மேற்குக் காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசுவதால் மேற்கு ஜன்னலைத் திறந்தால் தூவானம் படுக்கை வரை வந்துவிடும். அதற்குப் பயந்து மூன்று மாதமும் வீட்டை மூடி வைப்பவர்கள் பலர். ஈரம் வெளியேற வழியில்லாமல் போவதால்தான் பூசணம் பிடிக்கிறது.

பழைய வீடுகளில் ஜன்னல் கதவு மேல் பாதி, கீழ் பாதி என்று தனித்தனியாக இருக்கும். சாரல் வீசும் பக்கம் முழுவதையும் சாத்திவிட்டு, எதிர்த்திசையான கிழக்கில் மேல் பாதியைத் திறந்து வைத்தால் தூவானமும் அடிக்காது, காற்றோட்டமும் நிற்காது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஆசாரியிடம் சொல்லி இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பெரிய செலவு ஆகாது. மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் அரைமணி நேரத்தைத் தவறவிடாமல் எல்லாவற்றையும் திறந்து போடுங்கள்.

ஈரத் துணியைப் படுக்கையறையில் காயப் போடாதீர்கள். துணியிலிருந்து போகும் தண்ணீர் அந்த அறையின் சுவருக்கும் தலையணைக்கும்தான் போகும். தார்சாவிலோ புறவாசல் சாய்ப்பிலோ கொடி கட்டி, அங்கே ஒரு விசிறியைத் திருப்பி வையுங்கள். இலவம்பஞ்சு மெத்தை வைத்திருப்பவர்கள் அதைத் தரையில் போடாமல் கட்டிலில் வைத்து, அடியில் காற்று போக இடம் விடவேண்டும். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். பூசணம் பிடித்த இடத்தை உலர்ந்த துணியால் தட்டினால் அது வீடெல்லாம் பறக்கும்; ஈரத் துணியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து உலரவிடுங்கள். இளைப்பு நோய் (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதில் அலட்சியம் கூடாது.

பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்டால் வசதியாக இருக்குமா?

கூரை மரம் உளுத்துப்போகாமல் இருந்தால் இடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஓடு மெல்லியது, சூட்டைத் தேக்கி வைத்து இரவில் இறக்காது. ஓட்டு இடுக்குகள் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். மச்சு இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் முற்றம் உள்ள வீட்டில் மாலை ஐந்து மணிக்கு முற்றத்தை ஒட்டிய சிவப்புத் தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இருட்டாக இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் நான்கைந்து கண்ணாடி ஓடுகளை மாற்றி வைத்தால் போதும். கிழக்கு, வடக்குச் சரிவில் வையுங்கள். மேற்கில் வைத்தால் மூன்று மணி வெயில் உள்ளே விழும்.

விளக்கு விஷயத்தில் அப்படியென்ன இருக்கிறது? வெளிச்சம் நன்றாக இருந்தால் போதாதா?

இதில்தான் குறைந்த செலவில் பெரிய மாற்றம் கிடைக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் வெள்ளை வெளேரென்ற எல்இடி டியூப் லைட்தான். பெட்டியைப் பார்த்தால் 6500 கே (கெல்வின், ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று போட்டிருக்கும். அது நடுப்பகல் வெளிச்சத்தின் நிறம். நம் கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கு உதவும் செல்களைத் தவிர, பகலா இரவா என்பதை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு மிகவும் கூர்மையாக எதிர்வினை செய்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு அந்த ஒளி கண்ணில் பட்டால் உறக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் இந்தச் சிக்கல் குறைவு.

டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம். பிள்ளைகள் படிக்கவும், காய் நறுக்கவும், துணி தைக்கவும் அது வேண்டும். அதே அறையில் இன்னொரு விளக்கு வையுங்கள்: பெட்டியில் 2700 கே அல்லது 3000 கே என்று இருக்கட்டும், ஐந்து வாட் போதும். கடையில் "வார்ம் ஒயிட்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உச்சியிலிருந்து கண்ணில் விழாமல், உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில், சுவரைப் பார்த்து எரியட்டும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அறை முழுவதும் மென்மையாகப் பரவும். எட்டு மணிக்கு டியூபை அணைத்து இதைப் போடுங்கள். யாரும் சொல்லாமலே பேச்சின் சத்தம் ஒரு படி இறங்குவதைக் கவனிக்கலாம்.

விலை மலிவான சில எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். சிலருக்குத் தலைவலி வரும். கடையிலேயே சோதிக்கலாம். செல்போன் கேமராவைத் திறந்து, எரியும் விளக்குக்கு அருகே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்த விளக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெளிச்சத்தைக் குறைக்கிறேன் என்று முதியவர்கள் நடக்கும் வழியை இருட்டாக்கிவிடாதீர்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை தரையை ஒட்டி மங்கலான மஞ்சள் விளக்கு விடியும்வரை எரியட்டும். இரவில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டில் எத்தனை மாதத்துக்கு நிம்மதி இருக்காது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

மாலையில் விளக்கேற்றுவதற்கும் மன அமைதிக்கும் தொடர்பு உண்டா?

நம்பிக்கையைத் தனியே வைத்துவிட்டுச் சொல்கிறேன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்த ஊர். அதனால் நிலவிளக்கை ஏற்றி வாசல்பக்கம் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. கடையநல்லூர், வடகரை, தென்காசியில் மக்ரிப் பாங்கு கேட்டதும் தொழுகைக்கு எழுகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் சேர்ந்து ஜெபம் செய்கிறார்கள். மூன்றிலும் பொதுவானது ஒன்று உண்டு: பகல் முடிந்தது என்று அந்த வீடு தனக்குத்தானே அறிவித்துக்கொள்கிறது. கைகால் கழுவி, எடுத்த பொருளை அதனதன் இடத்தில் வைத்து, சில நிமிடம் எல்லோரும் ஒரே காரியத்தில் இருக்கிறார்கள்.

இறைநம்பிக்கை இல்லாதவர்களும் இப்படி ஒரு எல்லைக்கல் நட்டுக்கொள்ளலாம். திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் சுக்கு வெந்நீர் குடிப்பதாக இருக்கலாம், செடிக்குத் தண்ணீர் விடுவதாக இருக்கலாம். தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில் என்பதுதான் முக்கியம்.

மாமியார் ஆறு மணிக்கு டிவியைப் போட்டால் பத்து மணிவரை அணைப்பதில்லை. சத்தம் தெருவரை கேட்கிறது. எப்படிச் சொல்வது?

சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசித்துப் பாருங்கள். பகல் முழுவதும் நீங்கள் வேலையிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருக்கும்போது அவருக்குப் பேச்சுத்துணை அந்தப் பெட்டிதான். அதைப் பிடுங்குவது தீர்வாகாது. அடுத்தது, சத்தம் கூடிக்கொண்டே போவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிவாதம் கிடையாது, காது. வயதாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சின் தெளிவே அந்த ஒலிகளில்தான் இருக்கிறது. பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. அதனால் ஒலியைக் கூட்டுகிறார். கூட்டினால் இரைச்சல் கூடுகிறதே தவிரத் தெளிவு கூடுவதில்லை.

இன்றைய தட்டையான டிவிகளில் ஒலிபெருக்கி பின்பக்கமோ அடியிலோ இருக்கிறது. பாதி ஒலி சுவரைத்தான் போய்ச் சேர்கிறது. அவருடைய நாற்காலியை டிவிக்கு அருகே நகர்த்துங்கள், அல்லது சிறிய ஒலிபெருக்கி ஒன்றை டிவியோடு இணைத்து அவர் கைப்பக்கம் வையுங்கள். ஒலியைப் பாதியாகக் குறைத்தாலும் அவருக்கு முன்பைவிட நன்றாகக் கேட்கும். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு முறை காட்டிவிடுவதும் நல்லது. காதில் அழுக்கு அடைத்திருந்ததை எடுத்ததுமே சரியானவர்கள் இருக்கிறார்கள். பிறகு, வாரத்தில் சில நாள் அவரோடு உட்கார்ந்து ஒரு தொடரைப் பாருங்கள். அடுத்த தொடரை விட்டுவிட்டு உங்களோடு திண்ணைக்கு வருவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

வீடு நெடுஞ்சாலையோரம். புளியரை எஸ் வளைவுக்குப் போகும் லாரிச் சத்தத்துக்கு வழி உண்டா?

கொல்லம் – திருமங்கலம் சாலையான தேசிய நெடுஞ்சாலை 744-இல் வீடு இருப்பவர்களின் கஷ்டம் உண்மையானது. முழுத்தீர்வு கிடையாது, குறைக்க முடியும். ஒலி நுழைவது சுவர் வழியாக இல்லை, இடுக்கு வழியாக. ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் கதவு சாத்தியதில் பெரிய பலனில்லை. ரப்பர் பட்டை வாங்கி ஓரங்களில் ஒட்டுங்கள். கனமான திரை வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. ஆனால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் எதிரொலியைக் குறைக்கும். பத்தமடைக் கோரைப்பாய் ஒன்றை விரித்தாலும் அந்த வேலையைச் செய்யும்.

எல்லா அறையையும் அடைத்தால் காற்று நின்றுவிடும். சாலைக்கு முதுகு காட்டும் அறையை மாலைக்கென்று ஒதுக்கி, முன்னறையை வருவோர் போவோருக்கு விட்டுவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். பல வீடுகளில் நல்ல பின்னறையில் நெல் மூட்டையும் பழைய கட்டிலும் கிடக்கின்றன. அவற்றை முன்னால் கொண்டுவந்துவிட்டு நீங்கள் பின்னால் போங்கள்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை பொது இடங்களில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு நேர ஒலி வரம்பு 45 டெசிபல். கோயில் கொடை நாட்களில் சற்றுப் பொறுத்துக்கொள்வது ஊர் வழக்கம். ஆனால் பச்சைக் குழந்தையும் நோயாளியும் இருக்கும் தெருவில், குழாய் ஒலிபெருக்கி கட்டும்போதே கமிட்டிக்காரர்களிடம் பணிவாகச் சொன்னால் திசையை மாற்றிக் கட்டுவார்கள். கட்டிய பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

ஜன்னலைத் திறக்கச் சொல்கிறீர்கள். கொசு?

ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள், அதைவிடச் சிறந்தது இல்லை. வலை காற்றைச் சற்றுக் குறைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை தூசியைத் தட்ட வேண்டும். கொசுவுக்குப் பறக்கும் வலு குறைவு. உட்காரும் இடத்தில் விசிறிக் காற்று கால்மட்டத்தில் பட்டாலே பெருமளவு அண்டாது. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்பும் அதன் கடி அதிகம். அது வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரில் வளர்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, அங்கணத்தில் கவிழ்க்காமல் வைத்த வாளி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்துவிட்டால், முட்டை கொசுவாக மாறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கொசுவர்த்திச் சுருளை மூடிய அறையில் கொளுத்தாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியேறும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தொட்டிலுக்கு அடியில் சுருள் வைக்கும் பழக்கத்தை எங்கு பார்த்தாலும் எடுத்துச் சொல்லுங்கள்.

சாம்பிராணி, ஊதுபத்தி, வீட்டுக்குள் செடி?

சாம்பிராணி மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெள்ளிக்கிழமை போட்டால் போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும். புகை எதிலிருந்து வந்தாலும் நுரையீரலுக்குப் புகைதான். தினமும் மணம் வேண்டுமென்றால் ஒரு முழம் பிச்சிப்பூவைத் தட்டில் தண்ணீர் தெளித்து வையுங்கள். பொழுது சாயச் சாய விரியும்.

செடி கண்ணுக்கு இதம். காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பதை நம்பி வாங்க வேண்டாம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-இல் நாசா நடத்திய ஆய்வு, காற்று புகாத மூடிய அறைகளில் செய்யப்பட்டது. திறந்த ஜன்னல் செய்யும் வேலையை நாலு தொட்டி செய்யாது.

கணவர் வளைகுடாவில் இருக்கிறார். இரவு பத்து மணிக்குத்தான் வீடியோ அழைப்பு வருகிறது. அதன் பிறகு யாருக்கும் தூக்கம் வருவதில்லை.

கடையநல்லூர், வடகரைப் பக்கம் பாதித் தெருவுக்கு இந்தக் கதை உண்டு. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் எட்டு மணிக்கு அறைக்கு வந்து போனை எடுத்தால் இங்கே ஒன்பதரையோ பத்தரையோ ஆகிவிடும். அந்த அழைப்புதான் அவருக்கு அன்றைய ஓய்வு. அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பிள்ளைகள் பேசுவதை அவர் வேலையிலிருந்து திரும்பும் வாகனத்திலோ மாலைத் தேநீர் வேளையிலோ வைத்துக்கொள்ளலாம். அப்போது பேச்சு மட்டும் போதும், முகம் விடுமுறை நாளில் பார்க்கலாம். இரவு அழைப்பு உங்கள் இருவருக்கும். பள்ளிக் கட்டணம், கடன் தவணை, சொத்துத் தகராறு எல்லாவற்றையும் குரல் பதிவாகப் பகலிலேயே அனுப்பிவிடுங்கள், பதிலும் பகலிலேயே வரட்டும். படுக்கைக்குப் போகும் முன் பேசும் பேச்சில் கணக்கு வழக்கு வந்தால் இரண்டு நாட்டிலும் தூக்கம் போகும். போனின் வெளிச்சத்தைக் குறைத்து, கையில் பிடிக்காமல் சற்றுத் தள்ளிச் சாய்த்து வைத்துப் பேசினால் கண்ணுக்கும் நல்லது. எதிரே உட்கார்ந்து பேசும் உணர்வும் கிடைக்கும்.

எல்லோரும் ஓய்வெடுக்கிறார்கள், நான் மட்டும் அடுக்களையில் நிற்கிறேன். எனக்கு எப்போது மாலை?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்பாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். 2019-இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. அந்த 299 நிமிடத்தில் ஒரு பெரும்பங்கு ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் விழுகிறது என்பதை எந்த வீட்டிலும் நின்று பார்க்கலாம். விளக்கை மாற்றி, பாயை விரித்து, பூவை வைத்தும் ஒருவர் மட்டும் வியர்வையோடு அடுப்பு முன் நின்றால் அந்த வீட்டில் பாதிப்பேருக்குத்தான் அமைதி.

எதைச் சமைக்கிறோம் என்பதே இதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தோசை என்றால் ஒருவர் நின்றே ஆக வேண்டும். மற்றவர்கள் சூடாகச் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் தனியாக உட்கார்ந்து கடைசி மாவில் ஊற்றிய இரண்டைச் சாப்பிடுவார். இட்லி, புட்டு, இடியாப்பம் என்றால் முன்கூட்டியே வேகவைத்து மூடி வைக்கலாம். கஞ்சியும் சிறுபயறும் சுட்ட அப்பளமும் ஒரு காந்தாரி மிளகாய்த் துவையலும் போதும் என்று மலைக்கு அந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இரவை முடித்துக்கொள்கிறார்கள். வயிற்றுக்கும் நல்லது, எல்லோரும் ஒன்றாக உட்காரவும் முடியும். தோசை வேண்டும் என்று கேட்கிற வீட்டில் கேட்டவர்கள் முறைபோட்டுக் கல்லின் முன் நிற்கட்டும். பத்து வயதுப் பையன் ஒரு மாதத்தில் அழகாக ஊற்றக் கற்றுக்கொள்வான்.

பாத்திரம் கழுவுவது, அடுப்பு துடைப்பது, மறுநாளுக்குப் பயறு ஊறவைப்பது ஆகிய மூன்றும் மூன்று பேருடைய வேலையாக இருக்கட்டும். "உதவி செய்கிறேன்" என்று வந்து நின்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தால் நினைவில் வைத்திருக்கும் பாரம் உங்களிடமே இருக்கும். பயறு ஊறவைப்பது அப்பாவின் வேலை என்றால், மறந்தால் மறுநாள் பயறு இல்லை, அவ்வளவே.

மாலைக் காபியை விட வேண்டுமா?

ஆறு மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும். சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலரைப் புரட்டிப் போடும். நான்கு மணிக்கு முன் முடித்துக்கொண்டு, பிறகு காபித்தூள் இல்லாத சுக்கு மல்லிக் கருப்பட்டிக்கு மாறிப் பாருங்கள்.

ரப்பர் தோட்ட வேலை. விடியும் முன் எழ வேண்டும். எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்குத்தான் மிகவும் பொருந்தும், நேரத்தை மட்டும் முன்னே தள்ள வேண்டும். மரத்தில் குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே பால்வெட்டுக்குப் போகிறீர்கள். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து குளத்துப்புழைப் பக்கம் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களில் தலைமுறையாக இதுதான் வாழ்க்கை. எட்டரைக்குப் படுத்தால்தான் மூன்றரைக்கு எழ முடியும். ஆகவே ஆறரைக்கே வெள்ளை விளக்கை அணைத்து மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள். ஏழு மணிக்குச் சாப்பாடு. படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு இளஞ்சூடான வெந்நீரில் பத்து நிமிடம் குளியுங்கள். தோலுக்கு இரத்த ஓட்டம் கூடி உடலின் உள்சூடு வெளியேறும்; உள்சூடு இறங்கும்போது தூக்கம் எளிதில் வரும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பக்கத்து வீட்டுச் சத்தத்துக்குச் சுவர் போதாது. நாலு வீட்டாரும் ஒரே வேலைதானே. எட்டு மணிக்குப் பாட்டுப் பெட்டியை நிறுத்துவது என்று பேசி முடிவு செய்யலாம்.

இவ்வளவும் செய்தும் மனம் அடங்கவில்லையென்றால்?

வீடு செய்யக்கூடியது ஓரளவுதான். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. 2022 முதல் இயங்குகிறது, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார் என்றால் அங்கே பாயையும் விளக்கையும் பற்றிப் பேசிப் பயனில்லை. பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

ஒற்றை அறை, அடுக்களை மட்டும் உள்ள வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூட விட மாட்டார்கள்.

அறையைப் பிரிக்க முடியாது, நேரத்தைப் பிரிக்கலாம். ஏழரை வரை அந்த அறை படிப்புக்கும் வேலைக்கும். பிறகு புத்தகப்பை, மடிக்கணினி, கணக்கு நோட்டு எல்லாம் மூடி போட்ட ஒரு பெட்டிக்குள் போகட்டும். முடியாத வேலை கண்ணில் படும்வரை மனம் அதை விடாது. ஆணி இல்லாமல் ஜன்னல் கம்பியில் கிளிப் மாட்டி மஞ்சள் விளக்கைத் தொங்கவிடலாம். கொசுவலையை ஒட்டுப்பட்டையால் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளலாம். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சுவரோரம் பாயை விரித்து, சாய்ந்துகொள்ள இரண்டு தலையணை. வாசற்படிக்கு வெளியே இரண்டடி இடம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். செருப்பு அடுக்கை ஒதுக்கி, தண்ணீர் தெளித்து, ஒரு பலகை போட்டு உட்காருங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் தன் வாசலில் வந்து உட்காருவார். கடன் கேட்காத, வம்பு பேசாத அண்டை வீட்டார் கிடைத்திருந்தால் இன்னொரு பலகையும் சேர்த்துப் போடுங்கள்.